அந்த மாத்திரையை மறைத்து வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோய் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்று உங்கள் இதழில் விரிவாக எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் சர்க்கரை உள்ள ஆண்கள் பலருக்கு வரும் விறைப்புக் குறைபாட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கும்பகோணத்தில் ஒரு மருந்துக்கடையில் 26 வருஷம் மருந்தாளுநராக வேலை பார்த்தவள் நான். விட்டுப்போன அந்த விஷயத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் கவுண்டரில் நின்றால் ஆண்கள் அந்த மாத்திரையைக் கேட்க மாட்டார்கள். தைலத்தை எடுத்துப் பார்ப்பார்கள், இருமல் மிட்டாய் வாங்குவார்கள். நான் உள்ளே சரக்கு எடுக்கப் போனதும் பையனிடம் மெதுவாக, "தம்பி, அந்த நூறு ஒண்ணு குடு" என்பார்கள். பையன் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பான். அதைக் கொடுக்கும் முன் நாலு கேள்வி கேட்கத் தெரிந்தவள் அந்தக் கடையில் நான் ஒருத்திதான். என் கண்ணில் படாமல்தான் அந்த வியாபாரமே நடக்கும். அவர்கள் கேட்பது சில்டெனாஃபில் 100 மில்லிகிராம், வயாகரா என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த விறைப்பு மாத்திரை. அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. முதலாளியிடம் பல முறை சொன்னேன். இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றைக்கும் இருக்கிறது.

ஒருநாள் சாயங்காலம் பில்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாதா மாதம் இதய மாத்திரை வாங்கும் ஒருவரின் பில்லில் சில்டெனாஃபில் 100 மில்லிகிராம் இருந்தது. அறுபதை நெருங்கியவர். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் சார்பிட்ரேட்டும் எங்களிடம்தான் வாங்குவார். உடனே போன் செய்தேன். "அண்ணே, அதை இன்னும் போடலையே? போட்டுறாதீங்க. நீங்க நெஞ்சுக்குச் சாப்பிடுற மாத்திரையும் அதுவும் சேரவே கூடாது." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இதைப் போய் டாக்டர்கிட்ட எப்படிம்மா சொல்றது?" என்றார்.

ஏன் சேரக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சில்டெனாஃபிலை ஃபைசர் கம்பெனி முதலில் நெஞ்சுவலிக்காகத்தான் சோதித்துப் பார்த்தது. ஆண்களுக்கு வேறொரு பலன் தெரிந்ததும் அதற்கான மருந்தாக 1998-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. அதாவது அதுவும் ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்துதான். சார்பிட்ரேட், நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் மருந்துகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. நைட்ரேட் ஏற்படுத்தும் தளர்ச்சியை உடம்பு அடக்க முடியாதபடி சில்டெனாஃபில் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் தடாலென்று இறங்கும், உயிரே போகலாம். நிகோராண்டில் என்ற நெஞ்சுவலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

மாத்திரை போட்டவருக்கு அன்றிரவே நெஞ்சு வலித்தால் என்ன செய்வது? சட்டைப்பையில் இருக்கும் சார்பிட்ரேட்டை எடுத்து வைக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, வருகிறவர்களிடம் எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டது என்று சொல்லிவிட வேண்டும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், அதே வகை மாத்திரையான டடாலாஃபில் போட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. சொல்லாவிட்டால் கேஷுவால்டி டாக்டருக்கு எப்படித் தெரியும்? "என்ன மருந்து சாப்பிட்டார்?" என்று அங்கே கேட்கும்போது பதில் சொல்ல நிற்பவர் பெரும்பாலும் மனைவிதான். அவருக்கும் தெரியாது என்றால் வைத்தியம் எங்கே சரியாக நடக்கும்?

மற்றபடி, பொருத்தமானவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் இது நல்ல மருந்துதான், பயப்பட வேண்டியதில்லை. வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள், 65 வயது தாண்டியவருக்கு 25. நூறு என்பது உச்ச அளவு. முதல் தடவையே அதை வாங்குவதுதான் கடையில் நான் பார்த்த பழக்கம். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது. எண்ணெயும் கொழுப்புமாக வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். "கேட்கவில்லையே" என்று இன்னொன்றைப் போட்டுக்கொள்வது அப்படித்தான் நடக்கிறது. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களும், பூஞ்சைத் தொற்றுக்கு இட்ராகோனசோல் சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். விறைப்பு 4 மணி நேரம் தாண்டியும் அடங்காவிட்டாலும், திடீரென்று ஒரு கண்ணில் பார்வை போனாலும், காது கேட்காமல் போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதைவிட எனக்குப் பயம், பெயரில்லாத பொடியும் கேப்சூலும்தான். "மூலிகைதான், பக்க விளைவு இல்லை" என்று விற்கும் இந்த மாதிரிப் பொருள்களில் சில்டெனாஃபிலையே கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சிங்கப்பூரில் 2008-ல் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆண்மைக்கு என்று விற்ற போலி மருந்துகளில் சர்க்கரை நோய் மருந்தான கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. 4 பேர் இறந்தார்கள். லாட்ஜில் அறை போட்டு வைத்தியம் பார்ப்பவர்களின் விளம்பரங்களை நம் பத்திரிகைகளில் இன்றும் பார்க்கிறேன். ஆண்மைக் குறைவைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். உங்கள் இதழ் அவற்றை வாங்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் இதயத்துக்குப் போவதைவிடக் குறுகலானது. அடைப்பு வரத் தொடங்கினால் சில சமயம் முதலில் இங்கேதான் தெரியும், நெஞ்சுவலி அப்புறம்தான் வரும். கடையில் ரகசியமாக மாத்திரை வாங்கிச் சமாளிக்கிறவர் தன் சர்க்கரையையும் பிரஷரையும் கொழுப்பையும் பார்க்கும் வாய்ப்பைத் தவறவிடுகிறார்.

நான் போன் செய்த அண்ணன் மறுவாரம் மனைவியையும் கூட்டிக்கொண்டு இதய டாக்டரிடம் போனார். இந்த மாத்திரை அவருக்கு ஆகாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி, யூராலஜி (சிறுநீர்ப்பாதை) டாக்டரிடம் அனுப்பினார். வெற்றிடக் கருவி, ஊசி என்று வேறு வழிகள் இருப்பதே அங்கே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு கடைக்கு வந்தால் பையனைத் தேட மாட்டார். நான் உள்ளே வேலையாக இருந்தாலும் காத்திருந்து, சீட்டை என் கையில்தான் கொடுப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கும்பகோணம்