விவேக் மரணமும் வாட்ஸ்அப் சதிக்கதைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சதிக்கதைகளை நம்புகிறவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அரசு சொல்வதைச் சந்தேகப்பட நெல்லைக்காரர்களுக்குக் காரணம் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியபோது 17 பேர் தாமிரபரணியில் இறந்தார்கள். தண்ணீரில் மூழ்கித்தான் செத்தார்கள் என்ற விளக்கத்தை இங்கே பலர் இன்றும் ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் நேரில் பார்த்தவர்களை முன்னால் நிறுத்தினார்கள், விசாரணை கேட்டார்கள்.

2021 ஏப்ரலில், தடுப்பூசிதான் நடிகர் விவேக்கைக் கொன்றது என்று வாட்ஸ்அப்பில் பரவிய கதை வேறு ரகம். சங்கரன்கோவில் வட்டாரத்தைப் பூர்விகமாகக் கொண்ட அவர், மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்று 15-ஆம் தேதி சென்னை அரசு மருத்துவமனையில் எல்லாரும் பார்க்கக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி போய்விட்டார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் அடைப்பு, ஊசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். யார் காதில் விழுந்தது? சுகர் இருக்கிற அண்ணாச்சிமார்கூட எங்கள் தெருவில் முகாம் பக்கம் போகவில்லை. அடுத்த மாதமே இரண்டாம் அலை உச்சத்துக்குப் போனது. அந்த நல்ல மனுஷன் கடைசியாகச் செய்த பொதுக்காரியத்தையே அவருக்கு எதிராகத் திருப்பிவிட்டார்களே என்று இன்றும் வயிறு எரிகிறது.

இந்தக் கதைகள் ஏன் இழுக்கின்றன என்பதும் புரிகிறது. 59 வயதில் ஒருவர் திடீரென்று போவதை மனசு ஏற்காது. பழி சுமத்த ஒரு ஆள் கிடைத்தால் கொஞ்சம் ஆறும். அப்புறம், ஊருக்குத் தெரியாத ரகசியம் எனக்குத் தெரியும் என்ற கெத்து. மருத்துவர் மறுத்தால் அவர் விலைபோனவர், பத்திரிகை மறுத்தால் அதுவும் அப்படித்தான். என்ன ஆதாரம் காட்டினால் ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

ஊசி காரணமில்லை என்று ஒன்றிய அரசின் குழு சொன்ன செய்தி வர அக்டோபர் ஆகிவிட்டது. ஆறு மாதம்! அதற்குள் ஆடியோக்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. இனி இப்படி ஒன்று நடந்தால், தெரிந்தவரை ஒரு வாரத்துக்குள் மாவட்ட சுகாதாரத் துறை சொல்லட்டும். டிவியில் பேசும் நிபுணரைவிட, வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர் சொன்னால் எங்கள் மதினிமார் கேட்பார்கள். ஊர்களில் மக்கள் கேட்கும் சந்தேகங்களுக்கு அந்தச் செவிலியர்களையே பதில் சொல்லவைத்து, வாரம் ஒரு பகுதியாவது நம் பத்திரிகையில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.