நசுங்கும் எழுத்துகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அழைப்பிதழ், ஃபிளெக்ஸ் பேனர், கடைப் பலகை என எங்கும் தமிழ் எழுத்து நசுங்கிக் கிடப்பது வேதனை தருகிறது. இடம் போதவில்லை என்றதும் எழுத்தை 70 விழுக்காடு அகலத்துக்கு அமுக்கி, போதாததற்குத் தடித்த விளிம்பும் கொடுத்துவிடுகிறார்கள். ‘மணமகன்’ என்ற சொல்லைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ணகரத்தின் சுழிகள் அடைபட்டு ‘மனமகன்’ என்றே தெரியும். அமுக்குவதைவிட எழுத்தின் அளவைக் குறைக்கலாம், வரியை இரண்டாக உடைக்கலாம்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுவது ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குப் பொருந்தும். தமிழில் கூட்டினால் ‘கா’வின் கால் பிரிந்து ரகரமாகிவிடும்.

வரி இடைவெளியும் அப்படித்தான். ஃபோட்டோஷாப் போன்ற அடோபி மென்பொருள்கள் தாமாக வைப்பது எழுத்தளவில் 120 விழுக்காடு. மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் புள்ளியையும் ‘கீ’யின் சுழியையும் முட்டும். 140 முதல் 150 வரை வையுங்கள்.

ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழை ஒட்டும்போது ‘கொடி’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? குறை எழுத்துருவில் இல்லை. பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’டைத் தேர்ந்தால் சரியாகும். இதற்காக, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி வகை எழுத்துருக்களுக்குத் திரும்ப வேண்டியதில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் மிஞ்சும்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தைக் கோட்டுருவாக (அவுட்லைன்), அதாவது வெறும் வடிவமாக, மாற்றுவது நல்லது. ஆனால் மெய்ப்புப் பார்த்த பிறகே. மாற்றியபின் ஓர் ஒற்றெழுத்தைக்கூடத் தட்டச்சிட்டுத் திருத்த முடியாது.

- அச்சு வடிவமைப்பாளர்கள், சிவகாசி