பணம் திரும்ப வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய நாணயம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போலி விற்கிறவர்களைப் பற்றி எழுதுகிறேன். அவர்களைக் காப்பாற்றுகிற ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஏமாந்தவர் கண்டுபிடித்துக் கேட்டுவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, குழுவில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொள்கிறார்கள். பணம் வந்த நிம்மதியில் இவரும் இருந்துவிடுகிறார். அதே காசு அடுத்தவர் தலையில் கட்டப்படுகிறது.

செங்கோட்டைப் பக்கம் இந்தப் பொழுதுபோக்குக்கு ஆட்கள் அதிகம். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும் வரை எங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கத் திருவிதாங்கூர் அரசின் (பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி) கீழ்தான் இருந்தது. அதனால் பழைய வீட்டுப் பெட்டிகளில் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் காசு இன்றைக்கும் கிடைக்கும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். வெள்ளிச் சக்கரம் மிகவும் சின்னது, விரலால் எடுத்து எண்ண முடியாது என்று குழி குழியாகத் தோண்டிய மரப்பலகையில் கொட்டி நிரவி எண்ணியிருக்கிறார்கள். இதையெல்லாம் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் காசு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று ஆசை வருவது இயல்புதானே.

எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவன். லீவு நாளில் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்து வெள்ளி அரை ரூபாய் ஒன்றைக் குழு மூலம் வாங்கினான். விற்றவர் கேரளாவில் ஆரியங்காவு தாண்டி இருப்பவர், தமிழும் மலையாளமும் நன்றாகப் பேசுவார், குழுவில் நல்ல மரியாதை. படத்தில் காசின் ஓரத்தில் சாய்வாக ஒரு கீறல் இருந்தது. பார்சலில் வந்த காசில் அந்தக் கீறலே இல்லை. பையன் என்னிடம் கொண்டுவந்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பரப்பெல்லாம் ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடிக் குழிகள், எழுத்தின் விளிம்பு மழுங்கல், பக்கவாட்டில் சுற்றி ஒரு கோடு. உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்பு அது. நாணயச் சாலையில் அழுத்தி அடித்த காசில் இப்படிக் காற்றுக் குழி விழாது.

கேட்டதற்கு, "வெளிச்சத்தில் அப்படித் தெரியும் தம்பி" என்றாராம். விடாமல் கேட்டதும் பணம் தருகிறேன், விஷயம் வெளியே போகக் கூடாது என்றிருக்கிறார். குழுவை நடத்துகிறவரும் பையனைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி நமக்கு ரொம்ப வருஷப் பழக்கம், பெரிசு பண்ணாதே" என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். புனலூரில் இருக்கும் என் நண்பரிடம் விசாரித்தேன். அதே கீறலோடு அதே படம் அங்கே ஒரு மலையாளக் குழுவில் முன்பே ஓடியிருக்கிறது, அங்கேயும் ஒருவருக்குப் பணம் திரும்பியிருக்கிறது, அங்கேயும் யாரும் மூச்சு விடவில்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, விற்றவர் மட்டும் இரண்டு பக்கமும் பேசுகிறார், அவ்வளவுதான் அவருடைய திறமை!

இன்னொரு மோசடியும் நடக்கிறது. திருவிதாங்கூர் காசில் பெரும்பாலும் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்குதான் இருக்கும். 1114 என்று போட்டிருந்தால் அது 1938-39. அதை 900 வருஷத்துக்கு முந்தின காசு என்று சொல்லி விற்கிறார்கள், விவரம் தெரியாதவர்கள் நம்புகிறார்கள். 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பொறித்த "கிழக்கிந்திய கம்பெனி காசு" லட்சக்கணக்கில் போகும் என்பதும் சுத்தப் பொய், கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது என்று ஒருவர் சொன்னால் இன்னும் உஷாராக இருங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அப்படிக் கிடைத்ததை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், குழுவில் படம் போட்டு விற்க முடியாது.

குழு நடத்தும் பெரியவர்களை நான் கேட்பது இதுதான். விற்பனைக்குப் படம் போடுகிறவர் காசின் பக்கத்திலேயே தன் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய சீட்டை வைத்துப் படம் எடுக்கட்டும், தராசில் வைத்து எடையும் காட்டட்டும். நேர்மையாக விற்கிறவர்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை, சந்தேகப் பார்வையிலிருந்து அவர்களும் தப்பிப்பார்கள். காசு போலி என்று பணம் திரும்பினால், அந்தத் தகவல் படத்தோடு குழுவில் வர வேண்டும். பக்கத்து மாநிலக் குழுவுக்கும் அனுப்ப வேண்டும். பழக்கம், மரியாதை எல்லாம் சரி, அதற்காகப் படிக்கிற பையன்களைப் பலி கொடுக்க முடியாது.

அப்புறம் காவல்துறைக்கும் ஒரு வார்த்தை. பையன் புகார் கொடுக்கப் போனபோது, விற்றவர் கேரளா, அங்கே போய்க் கொடு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகார் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் கூப்பிட்டுப் பதிவு செய்தோம். பணம் அனுப்பிய ரசீது, உரையாடல், பார்சல் உறை, காசு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வாயை மூடுகிற நிபந்தனையோடு வரும் பணம் வேண்டாம் என்று பையன் சொல்லிவிட்டான். இதே கீறல் படத்தைப் பார்த்துக் காசு வாங்கியவர்கள் தென்காசியிலோ கொல்லத்திலோ இருந்தால், பணம் திரும்பக் கிடைத்திருந்தாலும் சரி, நீங்களும் புகார் கொடுங்கள்.

இப்படிக்கு,
நாணயம் சேர்க்கும் வாசகர் ஒருவர்,
செங்கோட்டை.