பீங்கானில் அப்பம்மாவின் முகம்

பலேர்மோ, இத்தாலி

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். அப்பம்மாவின் கல்லறையில் படம் பதிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள்; நான் இப்போது வேலை செய்யும் பட்டறையில் அதுவே தொழில் என்பதால் விபரமாக எழுதுகிறேன்.

இந்த நாட்டுச் சேமக்காலைகளில், பெயருக்கு அருகே முட்டை வடிவப் பீங்கானில் இறந்தவரின் முகம் இருக்கும். பெல்லெகிரினோ மலையடியில் உள்ள ரோட்டொலி சேமக்காலையில், கல்லில் வெட்டிய எழுத்துகள் கடற்காற்றில் மங்கிப்போயிருக்க, முகங்கள் மட்டும் தெளிவாகத் தெரிவதைக் கண்டிருக்கிறேன். 1854இல் பாரிசில் இரு புகைப்படக்காரர்கள் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்த தொழில் இது.

ஊரில் கோப்பைகளுக்குப் படம் போடும், சூட்டால் சாயத்தை ஆவியாக்கி ஏற்றும் சப்ளிமேஷன் முறை கல்லறைக்கு உதவாது. அந்தச் சாயம் ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூட்டில் பிளாஸ்டிக் மேற்பூச்சுக்குள் மட்டுமே புகுவதால் வெயிலில் வெளிறிவிடும். நாங்கள் பயன்படுத்துவது உலோக ஒட்சைட்டுத் தூள். அதை டோனராகக் கொண்ட பிரிண்டரில் டீகால் எனும், படத்தை வேறு பொருளுக்கு மாற்ற உதவும் தாளில் படத்தை அச்சிட்டு, மேலே அரக்குப் பூசி, தண்ணீரில் ஊறவிட்டால் படம் மெல்லிய தோலாக வழுக்கிக் கழன்று வரும். அதைப் பீங்கானில் கிடத்தி, ரப்பர்த் தகட்டால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நீரையும் காற்றையும் தள்ள வேண்டும். கடுகளவு காற்றுக்குமிழி தங்கினாலும், சூளையிலிருந்து எடுக்கும்போது கன்னத்தில் ஓட்டை விழுந்திருக்கும். 800 பாகைக்கு மேல் சூடேறுகையில் அரக்கு முழுவதும் எரிந்துபோக, பீங்கானின் பளபளப்புப் பூச்சு இளகி நிறங்களைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. பிறகு நகத்தால் சுரண்டினாலும் வராது.

இதில் வெள்ளை மை கிடையாது. அப்பம்மாவின் வெள்ளைச் சேலை, அச்சுப்படாத வெறும் பீங்கானாகவே தெரியும். அவவுக்கு அதைவிடப் பொருத்தமான வெள்ளை கிடைக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, மூலப் படத்தையே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நுணுக்கம் போய்விடும். ஸ்டூடியோவில் முகத்தை வெளுப்பாக்கித் தருகிறோம் என்பார்கள், சம்மதிக்க வேண்டாம். நவம்பர் 2 ஆத்துமாக்கள் தினத்தை முன்னிட்டு ஒக்டோபரில் இங்கே வேலை குவிந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே படம் என் கைக்குக் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
தம்பி