சாவி கேட்டா காபி

கும்பகோணம்
13.7.2025

அன்புள்ள விஜி,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அவர் ரிடையர் ஆனதிலேருந்து காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மகாமகக் குளத்தைச் சுத்தி வர்றார். சுகர் குறையல, செருப்புதான் தேயுது. பேரனுக்கு முன்பல் ரெண்டும் விழுந்தாச்சு. மாடித் தண்ணித் தொட்டி இன்னும் ஒழுகுது. குசலம் முடிஞ்சுது. நீ எப்படி இருக்கேன்னு இப்பக் கேக்க மாட்டேன். கேக்கறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு.

எட்டு மாசமா நீ கூப்பிட்டா நான் எடுக்கல. சாந்திக்கு என் மேல என்ன கோபம்னு கல்பனாகிட்டக் கேட்டியாம். கோபமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. விஷயத்தை நேரா எழுத நாலு தடவை உட்கார்ந்தேன், நாலு தடவையும் காகிதத்தைக் கிழிச்சேன். சரி, பாத்த படங்களைப் பத்தி எழுதுவோம், அது தானா வந்து சேரும்னு இப்ப ஆரம்பிச்சிருக்கேன். நமக்கு எப்பவுமே அதானே வழி? உனக்கு நிச்சயமானதையே ‘மௌன ராகம்’ இடைவேளைல, வாய் நிறைய முறுக்கை வச்சுக்கிட்டுத்தானே சொன்ன.

போன செப்டம்பர்ல ‘மெய்யழகன்’ வந்தப்ப வீட்டோட கிளம்பிப் போனோம். நீடாமங்கலம் நம்ம பக்கத்து ஊரு, பாக்காம விடலாமான்னு அவர் ஒரே பிடிவாதம். பிரேம் குமார் படம். ‘96’ எடுத்தவர்தான். அதுல ராத்திரி முழுக்க ஒரு ஆணும் பொண்ணும் பேசினாங்கன்னா, இதுல ரெண்டு ஆம்பளைங்க பேசறாங்க. பேசறாங்க, பேசறாங்க, விடிய விடியப் பேசறாங்க. படம் முடிஞ்சப்ப எனக்குப் புரிஞ்சது என்ன தெரியுமா? கார்த்தி ரொம்ப நல்ல பையன், அரவிந்த்சாமிக்கு ஏதோ வயித்து வலி. அவ்வளவுதான். தியேட்டரே சிரிச்சப்ப நானும் சிரிச்சேன், ஒரு நொடி தள்ளி. பக்கத்துல இவர் கர்சீப்பைப் பிழியற அளவுக்கு அழுதார். வெளியில வந்து எப்படி இருந்துச்சுன்னு கேட்டார். “அருமை”ன்னேன்.

புரிஞ்சுதா? காது கேக்கலடி எனக்கு.

மூணு வருஷமா. சத்தம் எல்லாம் கேக்கும். குக்கர் விசில் கேக்கும், பஸ் ஹாரன் கேக்கும். சொல்லு மட்டும் சேராது. வயசாகி போற காதுல கீச்சுன்னு இருக்கற சத்தங்கள்தான் முதல்ல போகுமாம். ச, த, ப, க எல்லாம் காத்தோட போயிடும், ஆ, ஈ, ஊ மட்டும் வந்து சேரும். பத்துன்னாலும் சத்துன்னாலும் கத்துன்னாலும் எனக்கு ‘அத்து’. ஒருநாள் இவர் வாசல்ல நின்னு “சாவி எங்கே?”ன்னு கேட்டிருக்கார். நான் காபி போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். ஆபீஸ் அவசரத்துல மனுஷன் அதைக் குடிச்சிட்டுத்தான் திரும்பக் கேட்டார். தபாலாபீஸ் கவுண்டர்ல என் கடைசி ரெண்டு வருஷத்தை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. ரிஜிஸ்டர் கேட்டவங்களுக்கு ஸ்பீட் போஸ்ட் போட்டிருக்கேன். யார் பேசினாலும் வாயையே பாத்துக்கிட்டிருப்பேன். அந்தம்மா எவ்வளவு கவனமா கேக்கறாங்கன்னு எனக்கு நல்ல பேரு வேற!

அப்புறம் மருமக வீட்டு டிவியில கீழே இங்கிலீஷ் எழுத்து வர்ற மாதிரி பண்ணிக் கொடுத்தா. தஞ்சாவூர்க்காரன் பேசற தமிழை இங்கிலீஷ்ல படிச்சுப் புரிஞ்சுக்கற கொடுமை எந்த எதிரிக்கும் வேண்டாம். ஆனா அதுல ஒரு கூத்து. ஆள் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி எழுத்து வந்துடுது. தியேட்டர்ல எல்லாருக்கும் கடைசியா சிரிச்சவ, வீட்டுல எல்லாருக்கும் முதல்ல சிரிச்சேன். பேரன் “பாட்டி ஏற்கெனவே பாத்துட்டாங்க, கதையைச் சொல்லிடுவாங்க”ன்னு அழுதான்.

அப்படித்தான் ஒரு ஞாயித்துக்கிழமை ‘கொட்டுக்காளி’ ஓடிச்சு. வினோத்ராஜ் படம், ‘கூழாங்கல்’ எடுத்த பையன். பின்னணி இசைன்னு ஒரு பொட்டு கிடையாது. ஆட்டோ சத்தம், காத்து, காலைக் கட்டிப் போட்ட சேவல். சூரிக்கு அதுல தொண்டை கட்டின குரல். அந்தப் பொண்ணு அன்னா பென் வாயே திறக்க மாட்டா. வேற சாதிப் பையனை விரும்பிட்டா, பேய் பிடிச்சிருக்குன்னு சாமியார்கிட்டக் கூட்டிட்டுப் போறாங்க. வீட்டுல எல்லாரும் பாதியில எழுந்துட்டாங்க. இவர் “படத்துல என்னதான் நடக்குது?”ன்னார். நான் சொன்னேன் விஜி! மூணு வருஷத்துல முதல் தடவையா ஒரு படத்தை நான் அவங்களுக்கு விளக்கிச் சொன்னேன். அவ பேசாததெல்லாம் எனக்குப் புரிஞ்சுது. எங்கேயோ ஒலிபெருக்கில பாட்டு, அதுக்கு அவ உதடு லேசா அசையும், அதைப் பாத்துட்டு சூரி வெறி பிடிச்சு எல்லாரையும் அடிப்பான். உதட்டைப் பாத்தே பிழைப்பு நடத்தினவ நான், எனக்கா அது தப்பும்? நடுரோட்டுல ஒரு மாடு மறிச்சுக்கிட்டு நிக்கும். அத்தனை ஆம்பளைங்களும் கிட்டப் போகப் பயந்து நிப்பாங்க. ஒரு சின்னப் பொண்ணு வந்து சாதாரணமா ஓட்டிக்கிட்டுப் போயிடும். நான் கைதட்டினேன். தனியா உட்கார்ந்து.

மத்த படக்காரங்க எல்லாம் ஏண்டி இப்படி மேளம் கொட்டறாங்க? ஒருத்தன் கதவைத் திறந்தா டமார், மூடினா டமார். அழற காட்சில வயலின் அழுது முடிச்ச பிறகுதான் ஆளுக்கு இடம். காது நல்லா இருந்த காலத்துல எனக்கு இது உறைக்கல. பேச்சைப் பொறுக்கி எடுக்கத் தவிக்கறவளுக்குத்தான் தெரியும், அந்த மேளத்துக்கு அடியில எத்தனை நல்ல வசனம் நசுங்கிச் சாகுதுன்னு. நீ உடனே ராஜா ராஜான்னு கிளம்பாதே. அவர் எங்கே சும்மா இருக்கணும்னு தெரிஞ்சவர். அவரை நான் சொல்லல.

இதைச் சொல்றப்ப ‘பேசும் படம்’ ஞாபகம் வந்துச்சு. ஹாஸ்டல்ல பொய் லெட்டர் கொடுத்துட்டுப் போனோமே. (வார்டன் அம்மா “எந்தப் பெரியப்பா?”ன்னு கேட்டது, நீ “எல்லாப் பெரியப்பாவும்”னு சொன்னது!) சிங்கீதம் சீனிவாசராவ் ஒரு வசனம் இல்லாம எடுத்த படத்துக்குத் தமிழ்ல வச்ச பேரைப் பாரு. போன மாசம் திரும்பப் பாத்தேன். கமல் பணக்காரன் ரூம்ல திருட்டுத்தனமாத் தங்குவான். பஞ்சு மெத்தை, ஏ.சி., அமைதி. தூக்கம் வராது. குடியிருந்த லாட்ஜுக்குப் பக்கத்துல இருந்த தியேட்டரோட சண்டைச் சத்தம் கேட்டுக்கேட்டுப் பழகினவன். கடைசில போய் அந்தச் சத்தத்தை டேப்ல பிடிச்சுட்டு வந்து போட்டுத் தூங்குவான். அப்ப நாம இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சோம். இப்ப நான் சிரிக்கல. அமைதின்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

மிஷின் வந்து மூணு மாசம் ஆச்சு. ரெண்டு காதுக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள்ள உட்கார வச்சு, சத்தம் கேட்டா பட்டனை அழுத்துன்னாங்க. நான் பரீட்சைல காப்பி அடிக்கற மாதிரி அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்துப் பாத்து அழுத்தினேன். கண்டுபிடிச்சுட்டா, திருப்பி உட்கார வச்சுட்டா. மாட்டின முதல் நாள் எனக்கு என் புடவைச் சத்தமே பயமா இருந்துச்சு. பழக வாரக்கணக்காகும்னு சொன்னாங்க, ஆச்சு. அதைப் போட்டுக்கிட்டு முதல்ல போனது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஆனா சிம்ரனும் சசிகுமாரும் அந்த இலங்கைத் தமிழ்ல “ஓம்”னு சொல்ற ‘ம்’ வரைக்கும் காதுல விழுந்துச்சு பாரு, அதுக்கே டிக்கெட் காசு சரியாப் போச்சு. இடைவேளை விளம்பரம் வந்ததும் மட்டும் கழட்டி ஜாக்கெட்டுக்குள்ள போட்டுட்டேன். காது கேக்காததுல ஒரே லாபம், வேணாம்னா கழட்டி வச்சுடலாம்.

உனக்குக் குரல்னா உயிர்னு எனக்குத் தெரியும். மோகனோட குரல் மோகனோடது இல்ல, எஸ்.என்.சுரேந்தர் பேசினதுன்னு ராதா வந்து சொன்னப்ப, ரெண்டு நாள் மெஸ்ல சாப்பிடாம கிடந்தவதானே. “முகத்துக்கு ஒருத்தன், குரலுக்கு ஒருத்தன், நான் யாரைக் கட்டிக்கறது?”ன்னு.

சரி. இதுக்கு மேல தள்ளிப் போட முடியாது.

மிஷின் வந்தப்புறம் ‘மெய்யழகனை’ எழுத்தே இல்லாம முழுசாப் பாத்தேன். படம் நீளம்னு சொல்லி ரிலீஸ் ஆன பிறகு 18 நிமிஷம் வெட்டினாங்களாம். விடிய விடியப் பேசற படத்துல பேச்சு அதிகம்னா, கல்யாண வீட்டுல சாப்பாடு அதிகம்னு கோவிச்சுக்கற மாதிரி. அது கிடக்கட்டும். அரவிந்த்சாமிக்கு வயித்து வலி இல்லடி. கார்த்தியோட பேர் அவனுக்கு ஞாபகம் இல்ல. அத்தான் அத்தான்னு இவன் உருகறான், சாப்பாடு போடறான், வீட்டுல படுக்க வைக்கறான். அவனுக்கு இவன் யாருன்னே தெரியல. கேக்கவும் கூச்சம். தெரிஞ்ச மாதிரித் தலையாட்டி, சிரிச்சு, ராத்திரி பூரா ஓட்டிடறான். விடியறப்ப தாங்க முடியாம சொல்லாம கொள்ளாம ஓடிப் போறான். நான் சோபாவுல அப்படியே உட்கார்ந்துட்டேன். மூணு வருஷம் நான் பண்ணினதை யாரோ பக்கத்துல இருந்து பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு.

தீபாவளிக்கு முன்னாடி நீ ஒருநாள் காலைல போன் பண்ணின. அடுப்பு மேல எண்ணெய். எனக்கு விழுந்தது ரெண்டே சொல்லு. “அம்மா... போயிட்டாங்க.” உங்கம்மா உன் தம்பி வீட்டுக்குப் பெங்களூர் போறதும் வர்றதும்தானே வழக்கம்? நானும் என் வழக்கப்படி சந்தோஷமா, “நல்லதாப் போச்சு, கொஞ்சநாள் நிம்மதியா இருப்பாங்க, நீயும் ரெஸ்ட் எடு”ன்னேன். நீ ஒண்ணும் பேசல. போனை வச்சுட்ட. லைன் கட் ஆச்சுன்னு நினைச்சுட்டு நான் அதிரசம் சுடப் போயிட்டேன்.

மூணு வாரம் கழிச்சுக் கல்பனா சொன்னா.

நீ என்ன நினைச்சிருப்பேன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அம்மா படுக்கைல கிடந்து கஷ்டப்பட்டதுக்கு நான் ஆறுதல் சொன்னதா எடுத்துக்கிட்டியா? சொன்ன வார்த்தை அப்படியும் பொருந்தும், அதான் இன்னும் கொடுமை. அப்புறம் நீ கூப்பிட்டப்பல்லாம் போன் மேசை மேல அதிரும், உன் பேர் வரும். எடுத்தா மறுபடி என்ன கேக்காமப் போகுமோன்னு கையே வரல. நானும் அந்த அரவிந்த்சாமி மாதிரி விடியக்காலை பஸ் பிடிச்சுட்டேன். அவனாவது அப்புறம் போன் பண்ணி அழுதான்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவுக்காக ‘தில்லானா மோகனாம்பாள்’ போட்டேன். லீவுக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப நம்ம ரெண்டு பேரையும் பழைய பட ஷோவுக்கு இழுத்துட்டுப் போனாங்களே. படம் 1968-ல வந்தது, அம்மாவுக்கு வசனம் முழுக்க மனப்பாடம். நாகேஷ் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அம்மா சொல்லிடுவாங்க, முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பி முறைப்பார். படத்துக்கு ஹீரோ சிவாஜி இல்ல, தவில்காரர் பாலையாதான்னு அடிச்சுச் சொல்லுவாங்க. இப்பப் பாத்தா அம்மா சொன்னது சரின்னுதான் தோணுது. சேதுராமன் பொன்னுசாமி நாயனத்துக்கு சிவாஜி கன்னத்தை உப்பறார், சரி. அதை பாலையா உட்கார்ந்து ரசிக்கற ரசிப்பு இருக்கே, அது யாரும் சொல்லிக் கொடுத்து வராது. மிஷின்ல நாயனம் தகர டப்பாவுல ஆணி போட்டுக் குலுக்கின மாதிரி வந்துச்சு. இது பேச்சுக்குச் செஞ்சது, பாட்டுக்குத் தனி செட்டிங் இருக்குன்னாங்க, அதையும் போட்டுப் பாத்தேன், சுகப்படல. கழட்டிட்டேன். நாயனத்துக்கு எதுக்குடி மிஷின்? சத்தத்தைக் கூட்டி வச்சுட்டு வெறுங்காதோட கேட்டேன். ‘நலந்தானா’ வந்தப்ப சுசீலா குரல் பாதிதான் வந்துச்சு, மீதியை அம்மா என் பக்கத்துல உட்கார்ந்து பாடின மாதிரியே இருந்துச்சு. அவங்களுக்கு சுருதி சேராதே, அதே மாதிரி.

எப்படிடி இருக்க? அம்மா கடைசில கஷ்டப்பட்டாங்களா? நெற்றி முழுக்கக் குங்குமம் வச்சுப்பாங்களே, அப்பா போன பிறகும் விடலையே, அப்படியே வச்சு அனுப்பினீங்களா? இதெல்லாம் அன்னைக்கே நான் கேட்டிருக்க வேண்டியது.

இப்ப போன் நேரா மிஷினுக்குள்ளயே வருது, பக்கத்துல பேசற மாதிரி. காலைல பத்து மணிக்கு மேல கூப்பிடு, இவர் குளத்தைச் சுத்தி வந்து தூங்கிட்டிருப்பார். திட்டணும்னா முதல்ல திட்டிடு, ஒரு சொல்லு விடாம விழும். கோபம் ஆறலைன்னா லெட்டராப் போடு.

‘பேசும் படம்’ கடைசில அமலா ரோஜாவைச் சுத்தி எறிஞ்ச அட்ரஸ் சீட்டு காத்துல பறந்து சாக்கடைல விழும், நீ தியேட்டர்லயே ‘அய்யோ’ன்னு கத்தினியே. அந்தப் பயத்துல பின்கோடை ரெண்டு தடவை சரிபாத்து எழுதி, இதை ரிஜிஸ்டர்ல போடறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ.

உன்
சாந்தி

பி.கு.: ராதா பொண்ணுக்குப் பையன் பொறந்திருக்கானாம். இதைச் சரியாத்தான் கேட்டேன், ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்.