நம் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

நம் கழகத்தின் வரலாற்றை எழுதி முடித்துவிட்டேன். அட்டையில் என் பெயர் இருக்கும். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் நீங்கள் தேடி எடுத்துக் கொடுத்தவை. அதை எல்லோருக்கும் தெரியச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, ஸ்கோர் நோட்டை இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருந்த அம்மாவுக்கு. உங்கள் கணவர் கழகச் செயலாளராக இருந்தபோது எழுதிய நோட்டு அது. மழையில் நனைந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான் இழுக்கப் போனேன். நீங்கள் என் கையைத் தடுத்து, ஊசி முனையால் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கொடுத்தீர்கள். அதில் ஒரு வரி: "இடைவேளைக்கு முன் கால் பிசகியது. மீதி நேரம் பத்துப் பேர்." மாற்று ஆட்டக்காரரை இறக்கியிருக்கலாமே என்று இன்றைய பையன்கள் கேட்டார்கள். உலகக் கோப்பையிலேயே 1970-இல்தான் மாற்று ஆட்டக்காரர்களை அனுமதித்தார்கள். அதற்கு முன் ஒருவர் விழுந்தால், அவர் பங்கையும் மற்றவர்களே சேர்த்து ஓட வேண்டும். நம்மவர்கள் அப்படித்தான் ஓடியிருக்கிறார்கள்.

அடுத்து தச்சர் ஐயா. நீங்கள் கோல் கம்பம் செய்து தரும்வரை இரண்டு கம்புகளுக்கு நடுவே கயிறுதான். பந்து கயிற்றுக்கு மேலே போனதா, கீழே போனதா என்று ஆட்டத்துக்கு ஆட்டம் சண்டை. இங்கிலாந்திலும் 1882-இல் குறுக்குக் கட்டை கட்டாயமாகும்வரை நாடா கட்டி ஆடியவர்கள் உண்டு. விதிப்படி அகலம் 24 அடி, உயரம் 8 அடி. அவ்வளவு நீளத்துக்கு ஒற்றை மரம் கிடைக்காமல், இரண்டு துண்டுகளை இணைத்து இரும்புப் பட்டை அடித்தீர்கள். நாளடைவில் அது நடுவில் கொஞ்சம் தொய்ந்துவிட்டதாம். அந்த இடத்தில் உயரமாக வரும் பந்தைக் கட்டையே தடுத்துவிடும் என்பது நம் கோல்கீப்பர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் வந்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை.

குழுப் படம் எந்த ஆண்டு எடுத்தது என்று பெரியவர்கள் இருவருக்குள் வாக்குவாதம் வந்தது. தீர்த்து வைத்தது பத்தாம் வகுப்புப் படிக்கும் நம் பெண் அணி வீராங்கனை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பந்தில் கறுப்பு ஐங்கோணங்கள் இருப்பதைக் காட்டினாள். 1970 உலகக் கோப்பைக்குப் பிறகு எங்கும் பரவிய பந்து அது. அதற்கு முந்தைய ஆண்டு என்று வாதாடிய பெரியவர் மறுநாளே வீடு தேடி வந்து, "நான் சொன்னது தப்புதான், திருத்திக்கோ தம்பி" என்றார். ஐயா, வரலாறு எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

பழைய வெள்ளைத் துணியில் எண்களை வெட்டி, பதினோரு சட்டைகளிலும் தைத்துத் தந்த அக்காவுக்கும், விடியும் முன்னே வந்து சுண்ணாம்புக் கோடு போட்ட அண்ணனுக்கும், தட்டச்சு செய்தவர்களுக்கும் என் வணக்கம்.

நோட்டைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுக்க வந்தேன். கடைசி நான்கு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. "போன வார ஆட்டத்தை இதிலேயே எழுதுப்பா" என்றார் அம்மா. எழுதிவிட்டேன்: 2-1, நாம் ஜெயித்தோம்.

நன்றியுடன்,
உங்கள் பழைய லெஃப்ட் பேக்