ஏற்காட்டுல நடந்தது ஜீப் சாகசம் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

போன வாரம் உங்க பேப்பர்ல சேலம் செய்தி வர்ற பக்கத்துல ஒரு போட்டோ போட்டிருந்தீங்க, சேறு அப்புன பொலிரோ ஒண்ணு, பக்கத்துல ஹெல்மெட் மாட்டுன பசங்க, கீழ "சேர்வராயன் மலையில் இளைஞர்கள் ஜீப் சாகசம்"னு. அந்த பசங்க நாங்கதான். வெள்ளம், விபத்து, மண் சரிவுன்னா தீயணைப்புக்காரங்களுக்கு கை கொடுக்கப் போற தன்னார்வ குரூப்பு. சனி ஞாயிறு ரெண்டு நாள் மேல தங்கி வண்டி ஓட்ட கத்துக்கிட்டு வந்தோம், அதுவும் காட்டுக்குள்ள இல்ல, எஸ்டேட் ஓனர் கிட்ட கேட்டு அவரு தோட்டத்துக்குள்ள இருக்கற மண் ரோட்டுல. போட்டோவ பாத்துட்டு எங்க சித்தப்பாவே போன் போட்டு "ஏன்டா பெட்ரோலு என்ன மரத்துலயா காய்க்குது"ன்னு கேட்டாரு, அதனாலதான் இந்த லெட்டர்.

சாகசம்னா வேகம் இருக்கணும்ல, எங்கள யாரையும் ஆள் நடக்கற வேகத்துக்கு மேல ஓட்ட விடலீங்க. முதல் நாள் பாதி நேரம் வண்டிய ஓரங்கட்டிட்டு நடைதான், எங்க கல்லு தூக்கிட்டு இருக்கு, எங்க ஓரம் அரிச்சிருக்குன்னு கால்ல மிதிச்சு பாத்துட்டு வந்துதான் சாவிய தொடணும். டயர்ல 32 psi இருக்கற காத்தழுத்தத்த 20க்கு எறக்குனா டயர் அகலமா பதிஞ்சு மண்ண புடிக்கும், தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிச்சிரணும். எறக்கத்துல பிரேக்க மிதிக்காத, லோ கியர்ல போட்டுட்டு இன்ஜின் புடிக்கட்டும்னு விடு. ஏத்தத்துல நின்னு போச்சா, பிரேக்க மிதிச்சு உருள விடாம புடிச்சுக்கிட்டு ரிவர்ஸ் போட்டு, கிளட்ச்ச விட்டு இன்ஜின் புடிப்புலயே நேரா பின்னால எறங்கு, திருப்பலாம்னு ஸ்டியரிங்க ஒடச்சா சரிவுல வண்டி குப்புற படுத்துக்கும். சைகை காட்டறதுக்கு ஒரே ஆளுதான், மத்தவன்லாம் வாய மூடணும் (நம்ம ஊர்ல இதுதாங்க கஷ்டமே, வேடிக்கை பாக்க வந்தவரு கூட "லெஃப்ட்டு லெஃப்ட்டு"ன்னுவாரு).

வின்ச்சு, அதாவது வண்டியில இருக்கற டிரம்முல ரோப்ப சுத்தி இழுக்கற மெஷின், அந்த விஷயம் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா ரோட்டுல வண்டி சிக்குனா நம்மாளுங்க கிடைச்ச கயித்த கிடைச்ச கொக்கியில மாட்டி இழுக்கறத எல்லாரும் பாத்திருப்பீங்க. இரும்பு ரோப்பு முறுக்கேறி நிக்கறப்ப கிர்ர்ருனு ஒரு சத்தம் வரும், அது அறுந்தா ஆளையே வெட்டிரும். அதனால நடுவுல நனைஞ்ச கம்பளியோ சாக்கோ போட்டு வெக்கணும், அறுந்தாலும் அந்த கனத்துல கீழ விழும். ரோப்ப தாண்டக் கூடாது, கிளவுஸ் இல்லாம தொடக் கூடாது, டிரம்முல அஞ்சு சுத்தாவது மிச்சம் இருக்கணும், ரோப்பு எவ்வளவு நீளமோ அதுக்கு மேல தள்ளி நிக்கணும். பின்னாடி டிரெய்லர் மாட்டற உருண்டை இருக்கு பாருங்க, அதுல மாட்டி இழுக்கவே கூடாது, தெறிச்சா குண்டு மாதிரி வரும், வெளிநாட்டுல இதுல செத்திருக்காங்க. ரோப்ப மாட்டறதுக்காக நாங்க ஒரு சில்வர் ஓக் மரத்துல பெல்ட்டு மாதிரி பட்டைய சுத்த போனப்ப மேஸ்திரி ஓடி வந்து "யப்பா அதுல மிளகு கொடி ஏறியிருக்குடா, அந்தாண்ட பலா மரத்துல கட்டு"ன்னு கத்துனாரு, நியாயம்தானே.

அப்புறம் ஸ்ட்ரெச்சர். ஒருத்தன படுக்க வெச்சு கட்டி வண்டியில ஏத்திட்டு அதே ரோட்டுல எறங்குனோம், ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் போட்ட சத்தத்துலதான் எங்க டிரைவருங்களுக்கு புத்தி வந்துச்சு. உக்காந்து போறவனுக்கு லேசா தெரியற குலுக்கல் படுத்திருக்கறவனுக்கு முதுகெலும்புல இறங்குது, தலைய ஒருத்தர் ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டே வரணும்.

இதெல்லாம் சரி, ஆனா நான் எழுத வந்தது வேற. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாகலூர் பக்கத்துல இருந்து காப்பி மூட்டை ஏத்தற பிக்கப் டிரைவர் ஒருத்தர் ரொம்ப நேரமா கைய கட்டி பாத்துட்டு நின்னாரு. டீ கொடுத்து பேசுனோம். "நல்லாத்தான் பண்றீங்க தம்பி, ஆனா ரோடு மூடிட்டா நீங்க அடிவாரத்துல நிப்பீங்க, பிரசவ வலி வந்த புள்ளைய நாங்கதான ஏத்திக்கிட்டு போகணும்"னாரு. எங்க யாராலயும் பதில் சொல்ல முடியல. உண்மைதானுங்களே, 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில, ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சே அந்த மழையில, ஏற்காடு மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு போக்குவரத்த நிறுத்துனாங்க. மாத்து வழின்னா குப்பனூர் ரோடுதான், அதுவும் மலை ரோடுதான். மழை இல்லாத நாள்ல மட்டும் என்ன, மே மாசம் லீவுல கார் கூட்டம் 20 கொண்டை ஊசி வளைவையும் அடைச்சுக்கிட்டு நிக்கறப்ப ஆம்புலன்ஸே திணறுது.

அதனால பயிற்சி கொடுக்க வேண்டியது முதல்ல மலை மேல இருக்கறவங்களுக்குங்க. எஸ்டேட் ஜீப்பு, பிக்கப்பு ஓட்டற அண்ணனுங்களுக்கு ஓட்ட நாங்க சொல்லித் தர வேண்டியதில்ல, மழையில எந்த பாறை வழுக்கும்னு அவங்கதான் எங்களுக்கு சொல்லணும். அவங்களுக்கு இல்லாதது சரியான ரோப்பு, முதலுதவி பழக்கம், கூட ரெண்டு ஆளு. மத்திய அரசோட ஆப்த மித்ரா திட்டத்துல நாடு முழுக்க 350 மாவட்டத்துல 1 லட்சம் தன்னார்வலர்களுக்கு பேரிடர் மீட்பு பயிற்சின்னு சொன்னாங்க, 12 நாள் பயிற்சி அது, தினக்கூலிக்கு வண்டி ஓட்டறவரு 12 நாள் வண்டிய நிறுத்திட்டு வர முடியுங்களா? அந்தந்த ஊருக்கே போய் ரெண்டு ரெண்டு நாளா பிரிச்சு நடத்தலாம்.

நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம், வெள்ளக்கடைன்னு ஊராட்சிக்கு ஒரு பெட்டி வெக்க சொல்லி மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதிட்டிருக்கோம். பெட்டியில பெருசா ஒண்ணும் இல்ல, இழுவை ரோப்பு, மரத்துக்கு சுத்தற பட்டை, ரோப்பையும் பட்டையையும் சேக்கற ஷேக்கிள்ங்கற இரும்பு வளையம், கம்பளி, மடிக்கிற ஸ்ட்ரெச்சர், முதலுதவி கிட்டு, தலையில மாட்டற லைட்டு. ஐப்பசி மழை புடிக்கறதுக்கு முன்னாடி, செப்டம்பர்லயே வந்துட்டா நல்லது. உங்க பேப்பர்ல நாலு வரி வந்தா வேகமா நகரும்ங்க. இன்னொண்ணு, ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏத்திட்டு போன நாளைக்கு டீசல் காச யாரு தர்றதுன்னும் அந்த மனுவுலயே கேட்டிருக்கோம், இப்ப வரைக்கும் அது டிரைவர் பாக்கெட்டுல இருந்துதான் போகுது.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலர்,
அம்மாபேட்டை, சேலம்